தெருவோரப் பூவும் கையால் செய்த வாழ்த்து அட்டையும்

பண்டிகை நாளின் காலையில் கைப்பேசியைத் திறந்தால் வாழ்த்துகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அவற்றுள் பல ஒரே படம், ஒரே வாசகம். ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் அப்படியே நமக்குத் தள்ளிவிட்டிருப்பார். மாலைக்குள் அவற்றை அழித்தும் விடுகிறோம். ஆனால் எப்போதோ அஞ்சலில் வந்த பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்று, பல வீடுகளில் பழைய டைரிக்குள்ளோ புத்தக அலமாரியிலோ இன்னமும் பத்திரமாக இருக்கிறது. அனுப்பியவர் நம்மை நினைத்துச் சிறிது நேரம் செலவிட்டார் என்பதற்கு அது சான்று. அதனால்தான் அதைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை.

அத்தகைய அட்டையை நாமே செய்ய முடியும். நம் வீட்டுத் தொட்டியிலும், தெருமுனை மரத்திலும், அருகிலுள்ள பூங்காவிலும் பூப்பவற்றைப் படம் பிடித்து, அச்சிட்டு, நல்ல தாளில் ஒட்டி, நம் கையால் நான்கு வரி எழுதினால் போதும். இதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஓய்வு பெற்றோர், இல்லத்தரசியர், பள்ளி மாணவர் என எவரும் செய்யலாம். சிலருக்கு இது சிறு வருவாயாகவும் வளரக்கூடும். அட்டை செய்யும் முறையையும், விற்க விரும்புவோர் போட வேண்டிய கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு

விலைக்கு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அதை வரையச் செய்தார். அதே 1843-இல், அதே இங்கிலாந்தில், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை ஒளியுணர் தாளின்மேல் வைத்து, வெயிலில் காட்டி, நீல நிறப் படங்களாக எடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. ஆக, வாழ்த்து அட்டையும் தாவரங்களை ஒளிப்படமாக்கிப் பரப்பும் முயற்சியும் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்கியவை. இன்று இரண்டையும் இணைப்பதற்குத் தேவையான கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நம் தெருப் பூவே ஏன்?

கடையில் கிடைக்கும் அச்சிட்ட அட்டை, தாளிலும் பளபளப்பிலும் நாம் செய்வதைவிட மேலாகவே இருக்கும். விலையிலும் நாம் அதனோடு போட்டியிட முடியாது. நம் அட்டைக்கு இருக்கும் ஒரே மேன்மை, அது குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட ஒரு நாளில் பூத்த பூவைக் காட்டுகிறது என்பதே. “இது நம் பழைய வீட்டுக் கிணற்றடியில் நீங்கள் நட்ட செம்பருத்தி” என்று அயலூரில் வாழும் அக்காவுக்கு எழுத, எந்த அச்சகத்தாலும் இயலாது.

இதை மனத்தில் கொண்டால் பல முடிவுகள் எளிதாகிவிடும். இணையத்திலிருந்து படத்தை எடுக்கலாமா? கூடாது, அதற்கு அட்டையைக் கடையிலேயே வாங்கிவிடலாம். அரிய பூவைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுமா? தேவையில்லை. அட்டையின் பின்புறம் என்ன எழுதுவது? பூவின் பெயர், இடம், நாள் ஆகிய மூன்றும் போதும். “மரமல்லி, ஜெயநகர், பெங்களூரு, நவம்பர்” என்ற சிறு குறிப்பு, படத்தை நினைவுப் பொருளாக மாற்றிவிடுகிறது.

பூக்கும் காலமறிதல்

பூக்களைப் படம் பிடிப்பவருக்கு முதலில் வேண்டியது நாட்காட்டி. இதற்குப் பெங்களூருவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஜெர்மனியில் பிறந்த தோட்டக்கலை அறிஞர் கிரும்பீகல் 1908-இல் லால்பாக் தோட்டப் பொறுப்புக்கு வந்தார். ஆண்டின் எந்தப் பருவத்திலும் நகரின் ஏதேனும் ஒரு வீதியில் மரங்கள் பூத்திருக்கும்படி, வெவ்வேறு காலத்தில் பூக்கும் மரங்களைத் தேர்ந்து நட்ட பெருமை அவரையே சாரும். அதன் பயனை நகரம் இன்றும் துய்க்கிறது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் டபுபியா மரங்கள் இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் இலையே தெரியாமல் பூக்கின்றன. மார்ச் மாதத்தை ஒட்டி ஜகரண்டா ஊதா நிறம் காட்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கொன்றையும் குல்மோஹரும் வருகின்றன. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் வேளையில் மரமல்லி வெண்ணிறப் பூக்களை நடைபாதையில் உதிர்க்கிறது. மழையையும் வெயிலையும் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகலாம்.

நீங்கள் டெல்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வசித்தாலும் உங்கள் பகுதிக்கென ஒரு பூ நாட்காட்டியை நீங்களே உருவாக்கலாம். வேலைக்குச் செல்லும் வழியில் எந்த மரம் எப்போது பூத்தது என்பதை ஓராண்டு குறித்து வந்தாலே போதும். அடுத்த ஆண்டு பூக்காலத்தைத் தவறவிட மாட்டீர்கள். பூக்காலம் குறுகியது, வாழ்த்து அனுப்பும் நாளில் அந்தப் பூ இருக்காது. தீபாவளி அட்டைக்கான படத்தை முந்தைய குளிர்காலத்திலேயே எடுத்து வைக்க நேரலாம்.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள் மலர். பவழமல்லி இரவில் பூத்து விடியற்காலையில் உதிர்ந்துவிடும். அதை மரத்தில் தேடுவதைவிட, உதிர்ந்து கிடக்கும் தரையில் படம் பிடிப்பதே அழகு. அந்திமந்தாரை பெயருக்கேற்ப மாலையில் விரியும். அரும்பு, மொட்டு, முகை, மலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. முழுதும் விரிந்த மலர் மட்டுமே அட்டைக்கு உரியது என்று எண்ண வேண்டாம். புதுமனை புகுவோருக்கு மொட்டவிழும் நிலையும், பணி ஓய்வு பெறுவோருக்கு உதிர்ந்த பவழமல்லிக் கம்பளமும் பொருத்தமாகவே இருக்கும்.

எந்த நாளுக்கு எந்தப் பூ

நம் நாட்டில் பல பண்டிகைகளுக்கு உரிய பூ ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. கேரளத்தின் விஷுக்கணிக்குக் கொன்றை. ஓணத்தின் பூக்கோலத்திற்குத் தும்பை. யுகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ. வங்கத்தில் துர்கா பூஜை வருவதை அறிவிப்பவை பவழமல்லியும் வெண்ணாணலும். வட மாநிலங்களில் ஹோலிக்கு முன் இலையுதிர்ந்த கிளைகளில் புரசம்பூ நெருப்பாகப் பூக்கிறது. அதிலிருந்து ஹோலிக்கான வண்ணநீர் எடுப்பது பழைய வழக்கம்.

ஆவாரம்பூ இன்னும் சிறப்பானது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பொங்கலுக்கு முன் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு ஆவாரம்பூவைச் சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவர். தெலங்கானாவில் அதே பூ பதுகம்மா விழாவில் அடுக்கப்படுகிறது. அம்மாநிலத்தின் மாநில மலரும் அதுவே. ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஆவாரம்பூ அட்டையைத் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாருக்கும், சேலத்திலுள்ள பெரியம்மாவுக்கும் அனுப்பினால் இருவருக்கும் அது தம் ஊர்ப் பூவாகவே தோன்றும்.

பெறுபவரின் வழக்கத்தையும் கருத வேண்டும். சில பூக்கள் சில குடும்பங்களில் துக்க நிகழ்வோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. ஐயம் இருந்தால், அவர் வீட்டிலேயே வளரும் பூவைத் தேர்வது பாதுகாப்பானது.

முதலில் அனுமதி

நம் குடியிருப்புகளில் விடியற்காலையில் சுற்றுச்சுவரோரம் நின்று பிறர் வீட்டுப் பூவைப் பூஜைக்குப் பறித்துச் செல்வோர் உண்டு. எனவே, அந்நேரத்தில் மதிலோரம் கைநீட்டி நிற்பவரை வீட்டுக்காரர் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. முதல் நாளே கதவைத் தட்டி, “உங்கள் செடியைப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? பறிக்க மாட்டேன்” என்று கேட்பது நல்லது. மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. இசைந்தால், செய்த அட்டைகளில் முதலாவதை அவருக்கே கொடுங்கள். பூவைப் பறிப்பதற்கு முன் உங்களை அழைக்கும் நட்பு பல நேரங்களில் இப்படித்தான் தொடங்கும்.

படத்தில் கதவு எண், வாகன எண், வீட்டாரின் முகம் ஆகியவை விழாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தினுள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கக்கூடும். கேமரா அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைத்து வைத்தால் பிறர் வீட்டின் இருப்பிடம் வெளியே செல்லாது.

பொதுப் பூங்காக்களில் பொழுதுபோக்காகக் கைப்பேசியில் படம் எடுப்பதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. எனினும் பெரிய கேமராவுக்குக் கட்டணம் இருக்கலாம். முக்காலி வைப்பதற்கும் வணிக நோக்கில் எடுப்பதற்கும் முன் அனுமதி கேட்கலாம். நுழைவாயிலில் விசாரித்துக்கொள்வது நலம். விற்பனைக்கான அட்டை எனில் அதையும் சொல்லியே அனுமதி பெற வேண்டும். லால்பாக்கில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிகள் காண்பதற்கு இனியவை. ஆனால் கூட்டத்தின் நடுவே நிதானமாகப் படம் எடுப்பது கடினம். வேலை நாளின் காலை நேரமே பூவுக்கும் நமக்கும் ஏற்றது.

படம் பிடிக்கும் முறை

ஒளிதான் முதல் விதி. உச்சி வெயிலில் இதழ்கள் வெளுத்து, நிழல்கள் கறுத்துப் போகும். சூரியன் உதித்த ஓரிரு மணி நேரம், அல்லது மேகமூட்டமான பகல் நல்லது. அக்காலை நேரத்தில் காற்றும் குறைவாக இருக்கும். வெயிலில்தான் எடுக்க வேண்டுமெனில், வெள்ளை வேட்டியையோ மெல்லிய துப்பட்டாவையோ ஒருவர் பூவுக்கு மேலே பிடித்தால் ஒளி மென்மையாகும். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைச் சார்ட் தாள் ஒன்றைப் பிடித்தால் அப்பக்கமும் துலங்கும்.

இரண்டாவது, பின்னணி. நம் தெருக்களில் பூவுக்குப் பின்னே மின்கம்பியும் குப்பைத் தொட்டியும் இருக்கவே செய்யும். நின்றவாறே கீழ்நோக்கி எடுக்காமல், பூவின் உயரத்திற்கு இறங்கி, இரண்டடி இடம்மாறிப் பாருங்கள். பெரும்பாலும் இலைகளோ வெறும் சுவரோ பின்னணியாக அமைந்துவிடும். வெண்ணிறப் பூவுக்குக் கறுப்புச் சார்ட் தாளைச் சற்றுத் தள்ளி வைப்பதும் உண்டு.

மூன்றாவது, தூரம். கைப்பேசியைப் பூவோடு ஒட்டிவைத்தால் தெளிவு கிடைக்காது. ஒரு சாண் அளவு விலகி நின்று எடுத்து, பிறகு தேவையான பகுதியை வெட்டிக்கொள்ளலாம். திரையில் பூவின் நடுப்பகுதியைத் தொட்டு, அங்கே தெளிவு நிற்கிறதா என்று பாருங்கள். செம்பருத்தி, குல்மோஹர் போன்ற அடர்சிவப்புப் பூக்களில் இதழின் நுண்கோடுகள் மறைந்து வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிவதுண்டு. திரையில் வெளிச்ச அளவைச் சிறிது குறைத்தால் கோடுகள் மீளும்.

நான்காவது, வெற்றிடம். அட்டைக்கான படத்தில் பூ முழுப் பரப்பையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. விளிம்பை வெட்டவும், வாழ்த்துச் சொல் எழுதவும் ஒரு பக்கம் இடம் விட வேண்டும். அதே பூவை நெடுக்காக ஒன்றும், கிடையாக ஒன்றும் எடுத்து வையுங்கள். ஒரு காலையில் முப்பது படம் எடுத்து அவற்றுள் இரண்டைத் தேர்ந்தால் அது நல்ல காலையே.

காகிதப்பூவைப் போன்ற எளிய செடியும் கூர்ந்து பார்த்தால் வியப்பளிக்கும். வண்ணமாகத் தெரிவன இதழ்கள் அல்ல. நிறம் மாறிய பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே இருக்கும் சிறு வெண்குழல்களே உண்மைப் பூக்கள். இத்தகைய செய்தியை அட்டையின் உட்புறம் ஒரு வரியாக எழுதினால் சிறுவர்கள் மகிழ்வர்.

அச்சும் தாளும்

நான்குக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1,200-க்கு 1,800 பிக்சல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 22 இலட்சம் பிக்சல். இன்றைய எளிய கைப்பேசியும் இதைத் தாண்டிவிடும். குறை நேர்வது படத்தை அனுப்பும்போதுதான். புகைப்பட நிலையத்திற்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் செல்லும். படத்துள் இருப்பிட விவரம் இருந்தால் அதுவும் உடன் செல்லும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திரையில் ஒளிரும் ஊதாவும் அடர்நீலமும் தாளில் சற்று மங்கியே தெரியும். எனவே ஜகரண்டா, சங்குப்பூ போன்றவற்றுக்கு முதலில் ஒரு படி மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பளபளப்புத் தாளைவிட மேட் தாளில் விரல் ரேகை குறைவாகப் படியும். வீட்டு இங்க்ஜெட் அச்சு பல நேரங்களில் ஈரம் பட்டால் கரையும். புகைப்பட நிலையத்தின் அச்சு அந்த வகையில் நம்பகமானது.

அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் தடிமன் கொண்ட ஏ4 தாள் பொருத்தம். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு அட்டைகள் கிடைக்கும். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தின் நீளம் 152 மில்லிமீட்டர். அட்டையைவிட அது சற்று நீளம். ஆகவே படத்தை 90-க்கு 130 மில்லிமீட்டராக வெட்டி ஒட்டினால் நான்கு புறமும் ஓரம் அமையும். மடிக்குமுன் எஃகு அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு வெடிக்காமல் நேராக வரும். நீர்த்த பசை தாளைச் சுருட்டிவிடும். இருபுறமும் ஒட்டும் டேப்பே நல்லது.

கைவினைத் தாளில் செய்ய விரும்புவோர் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரிலும், புதுச்சேரியிலும் தயாராகும் தாள்களைப் பார்க்கலாம். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்படும் இத்தகைய தாளின் சொரசொரப்பில் படத்தை நேரே அச்சிட்டால் மை பரவக்கூடும். அதை அடித்தளமாக வைத்துப் படத்தை மேலே ஒட்டுவதே முறை.

அஞ்சலில் அனுப்பும் அட்டைக்கு எடையும் முக்கியம். சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 20 கிராம் அளவில் கணக்கிடப்படுகிறது. 300 ஜிஎஸ்எம் அட்டை சுமார் 9 கிராம், படம் 3 கிராம், உறை 4 அல்லது 5 கிராம் என மொத்தம் 17 கிராம் வரும். அதன்மேல் மணி, பொத்தான், தடித்த நாடா ஆகியவற்றை ஒட்டினால் எடை 20 கிராமைத் தாண்டலாம். முத்திரையிடும்போது உறை கிழியவும் கூடும்.

படமும் எழுத்தும் எவருக்கு உரியவை?

நீங்கள் எடுத்த படத்தின் உரிமை, பதிவு எதுவும் செய்யாமலே உங்களுக்கு உரியது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அது காக்கப்படுகிறது. இதே காப்பு பிறர் எடுத்த படத்துக்கும் உண்டு. இணையத்தில் கிடைக்கிறது என்பதால் ஒரு படத்தையோ, பிடித்திருக்கிறது என்பதால் ஒரு திரைப்பாடல் வரியையோ அச்சிட்டு விற்க முடியாது. திருக்குறளுக்கும் பாரதியார் பாடல்களுக்கும் அத்தடை இல்லை. உங்கள் சொந்த வரிக்கு என்றுமே இல்லை.

விற்க நினைப்போருக்கு ஒரு கணக்கு

உறவினர் பாராட்டிய பிறகு, “விற்கலாமே” என்ற எண்ணம் எழும். வீட்டிலிருந்து பொருள் செய்து விற்போரின் கணக்குகளில் பொதுவாகக் காணப்படும் குறை, வாங்கிய பொருளின் விலையை மட்டும் செலவாக எழுதுவதும் தம் உழைப்பை எழுதாமல் விடுவதும் ஆகும். ஐம்பது அட்டைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் ஊர் விலையை இட்டுக்கொள்ளுங்கள்.

படம் அச்சிட, ஒன்றுக்கு ரூ.12 வீதம் ரூ.600.
அட்டைத் தாள் 25, ஒன்றுக்கு ரூ.10 வீதம் ரூ.250.
உறைகள், ஒன்றுக்கு ரூ.4 வீதம் ரூ.200.
கண்ணாடித் தாள் உறைகள், ஒன்றுக்கு ரூ.2 வீதம் ரூ.100.
டேப், பிளேடு முதலியன ரூ.150.
வெட்டும்போதும் ஒட்டும்போதும் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு ரூ.130.
பேருந்து, பூங்கா நுழைவு முதலியன ரூ.220.

மொத்தம் ரூ.1,650. அட்டை ஒன்றுக்கு ரூ.33 ஆகிறது. இதைக் கண்டு, “ரூ.40-க்கு விற்றால் ஏழு ரூபாய் இலாபம்” என்று பலர் மகிழ்ந்துவிடுவர்.

இனி உழைப்பைச் சேர்ப்போம். படம் எடுக்க 4 மணி நேரம். தேர்ந்து சீர்செய்ய 2 மணி. அட்டை ஒன்றுக்கு 9 நிமிட வீதம் 50 அட்டைகளுக்கு ஏழரை மணி. கட்டி அனுப்ப ஒன்றரை மணி. ஆக 15 மணி நேரம். ரூ.40-க்கு விற்றால் ஐம்பது அட்டைக்கும் கிடைக்கும் ரூ.350, மணிக்கு ரூ.23-தான். மணிக்கு ரூ.70 என உங்கள் உழைப்பை மதித்தால் கூலி ரூ.1,050. மொத்தச் செலவு ரூ.2,700, அட்டை ஒன்றின் அடக்க விலை ரூ.54.

ரூ.65 என விலை வைத்து ஐம்பதும் விற்றால் ரூ.3,250 வரும், மிச்சம் ரூ.550. எட்டு அட்டைகள் தேங்கிவிட்டால் வரவு ரூ.2,730, மிச்சம் வெறும் ரூ.30. கடையொன்றில் வைத்து, விற்ற தொகையில் நூற்றுக்கு முப்பது கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது ரூ.45.50; அது அடக்க விலைக்கும் கீழே. எனவே கடைக்குக் கொடுப்பதாயின் விலையை உயர்த்த வேண்டும். உயர்த்த இயலாதெனில் நேரடி விற்பனையோடு நிற்க வேண்டும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, ஒரு பண்டிகையின் பெயரை அச்சிட்ட அட்டை அந்நாள் கடந்தால் தேங்கிவிடும். உட்புறம் வெறுமையாக விட்ட பூ அட்டை ஆண்டு முழுதும் விலைபோகும். இரண்டாவது, ஐந்நூறு அட்டைகளை ஒரே முறையில் செய்வதைவிட, கேட்டவர்க்குக் கேட்ட பூவைச் செய்து தருவது ஏற்றது. திருமண வீட்டார் தம் தோட்டத்து மல்லிகையைப் படம் எடுத்து நன்றி அட்டை செய்து தரச் சொல்லலாம்; அங்கே தேக்கமே இல்லை. அதற்கு அவர்கள் மகிழ்ந்து கூடுதல் விலையும் தருவர். அச்சகத்தால் கொடுக்க முடியாததையே நீங்கள் விற்கிறீர்கள்.

பணம் வரும் வழியில் கவனம்

இந்தச் சிறு முயற்சிக்குத் தொடக்கத்தில் கடன் தேவையில்லை. வங்கி அலுவலராக இருந்தும் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. முதல் ஐம்பது அட்டைகளைக் கையிருப்பில் செய்து, விற்ற பணத்தில் அடுத்த ஐம்பதைச் செய்யுங்கள். அதற்கெனத் தனியாக ஒரு கணக்கு வைத்து, வரவும் செலவும் அதன் வழியே நடக்கச் செய்யுங்கள். வீட்டுச் செலவோடு கலந்த பணத்தில் இலாபமும் நட்டமும் கண்ணுக்குத் தெரியா. ஓராண்டுப் பதிவு இருந்தால், தொழில் வளர்ந்து அச்சு இயந்திரமோ தாள் வெட்டும் கருவியோ வாங்க நேரும்போது கிளையில் பேசுவது எளிது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் பெற வழியுண்டு. உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கை. “நூறு அட்டை வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன்” என்று அறிமுகமற்றவர் பேசி, க்யூஆர் குறி ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதை இட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் செல்லும். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

எளிய தொடக்கம்

விற்பனை எல்லோருக்கும் உரியதன்று. வாழ்த்து எல்லோருக்கும் உரியது. வரும் வாரத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி நூறு அடிக்குள் என்னென்ன பூத்திருக்கின்றன என்று ஒருமுறை நடந்து பாருங்கள். ஐந்து படங்களை அச்சிட்டு ஐந்து அட்டைகள் செய்யுங்கள். ஒன்று, பூச்செடியின் உரிமையாளருக்கு. ஒன்று, வெகுநாளாகப் பேசாத ஆசிரியருக்கு. ஒன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நண்பருக்கு. ஒன்று, வெளியூரில் பணிபுரியும் மகனுக்கோ மகளுக்கோ. ஐந்தாவதை எழுதாமல் வைத்திருங்கள். அது எவருக்குரியது என்பது ஒரு மாதத்திற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அட்டையின் பின்புறம் பூவின் பெயரையும் இடத்தையும் நாளையும் குறிக்க மறவாதீர்கள்.